மார்த்தாவுக்கு என்ன பரிசு?

மார்கழி மாத முதல் வாரம். ஆசிரியர் அறையில் தவணைப் பரீட்சை விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். எமது பாடசாலையிற் சிற்றூழியராகக் கடமை புரியும் அம்மா ஒருவர் தேநீரைக் கொணர்ந்து வைத்துவிட்டுப் போகாது நின்றார். கத்தோலிக்கர், கணவரை இழந்தவர், ஒரே மகளைத் தனியே வளர்த்து ஆளாக்கியவர். மகளுக்கு இப்போது 23 வயது. கொழும்பிலே ஒரு புடைவைக் கடையில் விற்பனையாளராக வேலை செய்கிறாள்.

“சேர், நீங்கள் கதைப் புத்தகங்கள் எல்லாம் படிக்கிறனீங்கள். வளர்ந்த பிள்ளையளுக்கு நத்தாருக்கு என்ன குடுக்கிறதெண்டு எதிலையாவது எழுதியிருக்கோ?” என்று கேட்டார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“சின்னனிலை ஒரு சட்டையோ பொம்மையோ வாங்கிக் குடுத்தால் போதும். இப்ப அவள் நாள் முழுக்கக் கடையிலை சட்டை மடிக்கிறவள். அவளுக்கு நான் என்ன சட்டை வாங்கிறது?”

கேள்வி எளியது, விடையும் எளியதென்றே எண்ணினேன். நத்தார்ப் பரிசு என்றதும் இலக்கிய மாணவர் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ‘ஞானியரின் பரிசு’ என்னும் சிறுகதையே. ஓ ஹென்றி என்ற புனைபெயர் பூண்ட வில்லியம் சிட்னி போர்ட்டர் 1905ஆம் ஆண்டு மார்கழியில் நியூயோர்க் ‘வேர்ல்ட்’ பத்திரிகையின் ஞாயிறு இதழில் எழுதியது அது. அதனை அவருக்குச் சொல்லத் தொடங்கினேன்.

நியூயோர்க் நகரில் டெல்லா, ஜிம் என்ற இளந்தம்பதியர் வாழ்கின்றனர். நத்தாருக்கு முதல் நாள் டெல்லாவின் கையில் இருப்பது 1 டொலர் 87 சதம். பலசரக்குக் கடைக்காரனோடும் மரக்கறிக்காரனோடும் இறைச்சிக்காரனோடும் பேரம் பேசிப் பேசி மிச்சம் பிடித்த காசு அது. வீட்டிலே பெருமைக்குரிய செல்வங்கள் இரண்டே உள: ஒன்று டெல்லாவின் நீண்ட கூந்தல், மற்றையது பாட்டன், தகப்பன் வழியாக ஜிம்முக்கு வந்த பொற்கடிகாரம். டெல்லா கூந்தலை 20 டொலருக்கு விற்று, 21 டொலர் விலையில் அக்கடிகாரத்துக்கு ஒரு பிளாட்டினச் சங்கிலி வாங்குகிறாள். ஜிம்மோ அக்கடிகாரத்தை விற்று, அவள் நெடுநாள் ஆசைப்பட்ட கூந்தற் சீப்புகளை வாங்கி வருகிறான். ஒருவர் கொடுத்த பரிசு மற்றவருக்குப் பயன்படாது போகிறது. ஆயினும் பரிசளிப்போர் யாவருள்ளும் இவ்விருவருமே மிக்க அறிவுடையோர் என்று கதை முடிகிறது.

வழக்கம் போல உணர்ச்சி ததும்பவே சொன்னேன். வேலை முடிந்து வீடு திரும்பும் ஜிம்முக்குப் புதிய மேலங்கி ஒன்று தேவையாயிருந்தது என்றும், அவன் கைகளுக்கு உறை இல்லை என்றும் ஆசிரியர் ஓரிடத்திற் கூறுவதையும் விட்டுவிடாது சொன்னேன். கதை முடிந்தது. அம்மா சிறிது நேரம் பேசவில்லை. பின்னர் கேட்டார்:

“அந்தப் பொடியனுக்குக் குளிருக்குக் கோட்டும் இல்லை, கைக்கு உறையும் இல்லை எண்டெல்லோ சொன்னனீங்கள்? பிறகேன் அந்தப் பிள்ளை சங்கிலி வாங்கினது?”

பல்கலைக்கழக நாட்களில் இக்கதையை நான் பலமுறை படித்திருக்கிறேன். பத்தாண்டுகளுக்கு மேலாக மாணவருக்குச் சொல்லி வருகிறேன். ‘முரண்நிலை’ என்றும் ‘எதிர்பாராத முடிவு’ என்றும் கரும்பலகையில் எழுதி அடிக்கோடிட்டிருக்கிறேன். இந்தக் கேள்வி எனக்கு ஒருநாளும் எழுந்ததில்லை. அன்று அவருக்கு விடை கூற இயலாது போனமையே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

இக்கேள்விக்கு அவசரப்பட்டு விடை கூறுவதிலும் ஆபத்துண்டு. ஏழைகள் அவசியமான பொருள்களையே வாங்கவேண்டும், அழகுப் பொருள்கள் அவர்களுக்கு எதற்கு என்ற வாதம் எமக்குப் புதிதன்று. தருமவான்களும் முதலாளிமாரும் காலங்காலமாகச் செய்துவரும் உபதேசம் அது. முற்போக்காளர் எனத் தம்மைக் கூறிக்கொள்வோருட் சிலரும் வேறு சொற்களால் அதனையே கூறுவதுண்டு. டெல்லா சங்கிலியைத் தெரிந்தெடுத்தமைக்குத் தக்க காரணம் கதையிலேயே இருக்கிறது. ஜிம்மின் கடிகாரம் சங்கிலிக்குப் பதிலாகப் பழைய தோல்வாரொன்றிலே தொங்குகிறது. அந்த வெட்கத்தால் அவன் பிறர் காணாதவாறு மறைத்தே நேரம் பார்க்கிறான். தன் கணவன் நாலு பேர் மத்தியில் தலைநிமிர்ந்து நேரம் பார்க்கவேண்டும் என்பதே டெல்லாவின் ஆசை. குளிரைப் பொறுத்துக்கொள்ளலாம், இழிவைப் பொறுத்தல் அரிது என்பதை வறுமையை அனுபவித்தவர் அறிவர். ஆகவே டெல்லாவைக் குறை கூறுவதற்கு எமக்கு உரிமையில்லை.

குறையைக் கதாசிரியரிடமே தேடவேண்டும். கதையின் கணக்குகளைச் சற்றே கூட்டிப் பார்ப்போம். ஜிம்மின் வாரச் சம்பளம் முன்னர் 30 டொலர். இப்போது 20 டொலர். தளபாடங்களோடு கூடிய அவர்களது குடியிருப்பின் வாடகை வாரம் 8 டொலர். அதாவது சம்பளத்தில் ஐந்தில் இரண்டு பங்கு. வருமானம் சுருங்கிவிட்டது என்கிறார் ஆசிரியர். யார் சுருக்கினார்கள், ஏன் சுருக்கினார்கள் என்பதை ஒரு சொல்லாலேனும் அவர் உணர்த்தவில்லை. மழை பெய்தது, வெயில் எறித்தது என்பது போல வருமானமும் தானே சுருங்கியதாகக் கூறிச் செல்கிறார். குறைந்துபோன பத்து டொலர் மூன்று வாரங்களுக்கு மட்டும் திரும்பக் கிடைத்திருப்பின், 21 டொலருக்குச் சங்கிலியும் வாங்கி எஞ்சிய 9 டொலரிற் கையுறையும் வாங்கியிருக்கலாம். கூந்தலும் தப்பியிருக்கும், கடிகாரமும் தப்பியிருக்கும். அவ்விருவரின் தியாகத்தை நாம் வியக்கிறோம். அத்தியாகத்தைத் தேவையாக்கியது எது என்று கேட்கவிடாமற் கதை எம்மை விவிலியத்து ஞானியரிடம் அழைத்துச் சென்றுவிடுகிறது. மேலங்கியும் கையுறையும் நடுவழியில் மறக்கப்பட்டுவிடுகின்றன.

ஓ ஹென்றி வறுமையை அறியாதவரா? அன்று. வங்கிப் பணம் கையாடிய குற்றத்துக்காக 1898 முதல் 1901 வரை ஒஹாயோ மாநிலச் சிறையிலிருந்தவர் அவர். பின்னர் நியூயோர்க்கின் வாடகை அறைகளிலிருந்து பத்திரிகைக்கு வாரமொரு கதை எழுதிப் பிழைத்தவர். அந்நகரில் மதிக்கத்தக்கோர் நானூறு பேரே என்று சீமான்கள் கூறிக்கொண்டிருந்த காலத்தில், நகரத்து மக்கள் யாவரையும் எண்ணி, 1906இல் வெளிவந்த தம் தொகுதிக்கு ‘நாற்பது இலட்சம்’ என்று பெயரிட்டவர். அதே தொகுதியில் ‘முடிவுறாத கதை’ என்றொரு கதை உண்டு. அதன் நாயகி டல்சி பெருங்கடையொன்றில் வாரம் 6 டொலருக்கு வேலை செய்யும் பெண். அவளது அறை வாடகை, காலை உணவு, ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு என ஒவ்வொன்றுக்கும் எத்தனை சதம் போகிறதென்று ஆசிரியர் எண்ணிக் காட்டுகிறார். கதையின் இறுதியில் நியாயத்தீர்ப்பு நாளைக் கனவு காண்கிறார் கதைசொல்லி. தொழிற் பெண்களுக்கு வாரம் ஐந்தாறு டொலர் கொடுத்து வேலை வாங்கிய முதலாளிகளின் கூட்டத்தைச் சேர்ந்தவனா நீ என்று அங்கே அவரிடம் கேட்கப்படுகிறது. அநாதை இல்லத்துக்குத் தீ வைத்தவன், குருடனைக் கொன்று அவன் சதங்களைத் திருடியவன் என்று வேண்டுமானாற் சொல்லுங்கள், அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்று மட்டும் சொல்லாதீர்கள் என்ற கருத்துப்பட விடையளிக்கிறார் அவர்.

எத்தகைய சினம்! கூலியின் கொடுமையை இத்துணைக் கூர்மையாக எழுதத் தெரிந்த அதே கை, நத்தார்க் கதையில் ஏன் மௌனம் சாதித்தது? விடை அக்கதையின் குணத்திலும் அது வெளிவந்த இடத்திலும் இருக்கிறது எனலாம். மார்கழி மாதத்து ஞாயிற்றிதழ் நத்தாரை எதிர்நோக்கியிருக்கும் வாசகருக்காக அச்சிடப்படுவது. பரிசுக் காலத்து வாசகர் கண்ணீர் விட விரும்புவர். கணக்குக் கேட்க விரும்பார். டல்சியின் கதை அவ்வாறு எவரையும் ஆற்றுவதில்லை. தலைப்பிற்கு ஏற்ப அது முடிவுறாமலே நிற்கிறது. டெல்லாவின் கதை அழகாக முடிகிறது. அந்த அழகிய முடிவே அதன் பலவீனமும் ஆகும். எனினும் மேலங்கி பற்றியும் கையுறை பற்றியுமான அந்த ஒற்றை வாக்கியத்தை அவர் எழுதிவைத்தார் என்பதையும் மறத்தலாகாது. உண்மையைக் கண்ட எழுத்தாளன் அதை மறக்க முயன்றாலும் அது எங்கோ ஓர் வரியிற் கசிந்துவிடுகிறது. எமது பாடசாலை அம்மாவின் காதில் விழுந்தது அந்த வரியே.

கூந்தலும் கையுறையும் என்றதும் அமெரிக்க இலக்கியத்தின் மற்றொரு நூல் நினைவுக்கு வருகிறது. லூயிசா மே அல்கொட் 1868இல் எழுதிய ‘சிறு பெண்கள்’ என்ற நாவல் நத்தார்ப் பரிசு பற்றிய முறைப்பாட்டோடுதான் தொடங்குகிறது. உள்நாட்டு யுத்தம் நடைபெறும் காலம். தகப்பன் படையினருக்கு மதகுருவாகச் சென்றிருக்கிறார். போர்க்களத்தில் மனிதர் அல்லலுறும்போது நாம் இன்பத்துக்காகப் பணம் செலவிடலாகாது, இவ்வாண்டு பரிசுகள் வேண்டாம் என்று தாய் கூறிவிட்டார். நான்கு பெண்கள். மூத்தவள் மெக்குக்கு 16 வயது. ஒரு செல்வர் வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறாள். இரண்டாமவள் ஜோவுக்கு 15 வயது. பணக்கார அத்தையொருத்திக்குத் துணையிருந்து உழைக்கிறாள். ஆளுக்கு ஒரு டொலர் கையில் உண்டு. அதைக் கொண்டு தத்தமக்கு வேண்டியதை வாங்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கும்போது, தாயின் பழைய செருப்புகளைச் சூடேறும்படி கணப்பருகே வைக்கிறாள் மூன்றாமவள் பெத். அவை தேய்ந்துபோயிருப்பதைக் கண்டதும் பேச்சு மாறுகிறது. ஜோ செருப்பு வாங்குவதென்றும், மெக் கையுறை வாங்குவதென்றும், பெத் கைக்குட்டைகளுக்கு ஓரம் தைத்துக் கொடுப்பதென்றும், இளையவள் ஏமி வாசனைத் தைலம் வாங்குவதென்றும் தீர்மானிக்கிறார்கள்.

டெல்லாவின் பரிசுக்கும் இப்பரிசுகளுக்கும் உள்ள வேறுபாட்டை நோக்குக. இங்கே பரிசு பிறப்பது தேய்ந்த செருப்பொன்றைப் பார்த்ததிலிருந்து. வளர்ந்துவிட்ட பிள்ளைகள், தம் உழைப்பினால் வந்த முதற் காசுகளைக் கையில் வைத்துக்கொண்டு, இதுவரை தமக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தவளை முதன்முறையாகக் கூர்ந்து பார்க்கிறார்கள். பிள்ளை வளர்ந்துவிட்டாள் என்பதற்கு இதைவிடச் சான்று வேறென்ன வேண்டும்? ஏமியின் வாசனைத் தைலத்தையும் ஆசிரியை ஒதுக்கவில்லை என்பது மனங்கொள்ளத் தக்கது. செருப்பும் வேண்டும்; வாசனையும் வேண்டும். ஒரு மனிதருக்கு இரண்டும் உரியன.

நத்தார்க் காலையில் அக்குடும்பம் தன் காலை உணவையே எடுத்துக்கொண்டு ஹம்மல் என்ற வறிய ஜேர்மானியக் குடியேற்றக் குடும்பத்தின் வீட்டுக்குச் செல்கிறது. பரிசு வீட்டுச் சுவரைத் தாண்டி வெளியே போகிறது. அல்கொட் அதோடு நிறுத்தியிருந்தால் இதுவும் ஒரு நீதிக்கதையாக முடிந்திருக்கும். பின்னர் ஒருநாள் அதே ஹம்மல் வீட்டுக் குழந்தையிடமிருந்துதான் பெத்துக்குச் செங்காய்ச்சல் தொற்றுகிறது. ஒருநாட் காலை உணவினால் அவ்வீட்டின் வறுமை தீர்ந்துவிடவில்லை. நோயும் அங்கேயே இருந்தது. அந்நோய் தானம் செய்தவரின் வீட்டுக்கும் வந்தது. தருமத்தின் எல்லை எதுவென்று பிரசங்கம் எதுவுமின்றி ஆசிரியை காட்டிவிடுகிறார். இதே நாவலில் ஜோவும் தன் கூந்தலை விற்கிறாள், 25 டொலருக்கு. நோயுற்ற தகப்பனிடம் தாய் பயணம் செய்வதற்காக அது விற்கப்படுகிறது. அன்றிரவு அவள் தன் கூந்தலை நினைத்து இரகசியமாக அழவும் செய்கிறாள். தன் எழுத்தின் வருமானத்தாலேயே பெற்றோரையும் சகோதரிகளையும் தாங்கியவர் அல்கொட். தியாகம் இனிமையானது என்ற பொய்யை அவர் சொல்லாமைக்கு அந்த வாழ்வே காரணம் எனலாம்.

ஆயினும் அம்மா கேட்டது தாய்க்குப் பிள்ளைகள் கொடுப்பது பற்றியன்று. உழைக்கும் மகளுக்குத் தாய் கொடுப்பது பற்றி. அந்த மகளைத் தேடிச் செல்லும்போது நாம் சார்ள்ஸ் டிக்கின்ஸிடம் வந்து சேர்கிறோம். அவரது ‘நத்தார்க் கீதம்’ 1843 மார்கழி 19ஆந் திகதி இலண்டனில் வெளியாயிற்று. சுரங்கங்களிலும் தொழிற்சாலைகளிலும் சிறுவர் படும் துயரை ஆராய்ந்த அரச ஆணைக்குழுவின் அறிக்கையை அவ்வாண்டு படித்துக் கொதித்த டிக்கின்ஸ், முதலில் ஒரு துண்டுப் பிரசுரம் எழுதவே நினைத்தார். பின்னர் அதைவிட வலிய அடி கதையாகவே விழும் என்று கருதினார். அதே ஆணைக்குழு தையற் பெண்களின் வேலை நேரம் பற்றியும் சாட்சியங்களைத் திரட்டியிருந்தது. அதே மார்கழியில்தான் தையற்காரியின் துயரைப் பாடும் தோமஸ் ஹூட்டின் ‘சட்டையின் பாட்டு’ ‘பஞ்ச்’ இதழில் வெளிவந்தது. இங்கே ஒரு முரணையும் குறிப்பிடவேண்டும். பொன்னிற ஓரங்களும் வர்ணப் படங்களுமாக அச்சிடப்பட்ட டிக்கின்ஸின் நூலின் விலை 5 சிலிங். அந்நூலிலே வரும் எழுதுவினைஞர் பொப் கிராச்சிட்டின் வாரச் சம்பளம் 15 சிலிங். தன் கதையைத் தானே வாங்கிப் படிக்க விரும்பியிருந்தால் அவர் வாரக் கூலியில் மூன்றிலொரு பங்கைக் கொடுத்திருக்க வேண்டும். நத்தாருக்கு முதல் நாளுக்குள் 6000 பிரதிகளும் விற்றுத் தீர்ந்தன. வாங்கியவர் கிராச்சிட்டுகள் அல்லர் என்பது சொல்லாமலே விளங்கும்.

நூலைப் படிப்போர் யாவரும் நினைவிற் கொள்வது கருமியான ஸ்குரூஜையும், நோயாளிச் சிறுவனான சின்ன ரிம்மையும். நான் சொல்ல வந்தது அவ்வீட்டின் வளர்ந்த பிள்ளைகள் இருவரைப் பற்றி. மூத்த மகன் பீற்றருக்கு அன்று ஒரு பரிசு கிடைக்கிறது. பண்டிகையை முன்னிட்டுத் தகப்பன் தன் சட்டைக் கழுத்துப்பட்டியை அவனுக்கு அளித்திருக்கிறார். அளவுக்கு மிஞ்சிய அந்தக் கழுத்துப்பட்டியை அணிந்துகொண்டு அவன் பூங்காவிலே உலாவர ஆசைப்படுகிறான். வாரம் ஐந்தரைச் சிலிங் சம்பளத்தில் அவனுக்கு ஒரு வேலை பார்த்திருப்பதாகத் தகப்பன் கூறுகிறார். இனி அவனும் உழைப்பாளி. தகப்பனின் கழுத்துப்பட்டி மகனின் கழுத்துக்கு வருவதில் ஓர் அன்பும் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக மாற்றிக் கொடுக்கப்படும் ஒரு நுகத்தடியும் இருக்கிறது.

மூத்த மகள் மார்த்தா தொப்பியும் பெண்களின் அணிகலன்களும் செய்யும் கடையொன்றில் வேலை பழகுபவள். நத்தார் நாளன்று வீட்டுக்குப் பிந்தியே வருகிறாள். நேற்றிரவு முடிக்கவேண்டிய வேலை நிரம்ப இருந்தது, இன்று காலை எல்லாவற்றையும் ஒதுக்கித் துப்புரவாக்க வேண்டியிருந்தது என்று தாயிடம் கூறுகிறாள். தாய் அவளை முத்தமிட்டு, நெருப்பருகே இருத்திக் குளிர் காய வைக்கிறாள். தகப்பன் வரும்போது விளையாட்டுக்காக அவளை ஒளித்துவைத்து, அவள் வரவில்லை என்கிறார்கள். அவர் முகம் வாடுவதைக் காணப் பொறாது அவளே ஓடிவந்து அவரைக் கட்டிக்கொள்கிறாள். கிராச்சிட் வீட்டில் கடையில் வாங்கிய பரிசெதுவும் இல்லை. அவள் வந்து சேர்ந்ததே அவ்வீட்டுக்குப் பரிசு. உணவுக்குப் பின் அவள் தன் வேலையைப் பற்றிக் கூறுகிறாள்; ஒரே மூச்சில் எத்தனை மணி நேரம் உழைத்தாள் என்று கூறுகிறாள்; மறுநாள் விடுமுறையாதலால் காலையில் நெடுநேரம் படுத்துறங்கப் போவதாகக் கூறுகிறாள்.

உறக்கம்! நத்தார் இலக்கியம் முழுவதிலும் வளர்ந்த பிள்ளையொருத்தி தனக்கு வேண்டியதைத் தன் வாயாலேயே கூறும் இடங்களில் இதைப்போல் என் நெஞ்சைத் தொட்டது வேறில்லை. அதை டிக்கின்ஸ் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறார்.

பேய்களைக் கண்டு மனம் மாறிய ஸ்குரூஜ் மறுநாட் காலை பெரியதொரு வான்கோழியைத் தன் பெயர் கூறாமல் கிராச்சிட் வீட்டுக்கு அனுப்புகிறார். அதற்கடுத்த நாள் பொப்பின் சம்பளத்தையும் உயர்த்துகிறார். பரிசாக வந்த வான்கோழி ஒருநாள் உணவு. சம்பள உயர்வோ ஆண்டு முழுவதற்குமான உணவு. இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டியதில் டிக்கின்ஸ் ஓ ஹென்றியைக் கடந்து செல்கிறார். ஆனால் அவ்வுயர்வு தொழிலாளியின் உரிமையாக வராது முதலாளியின் மனமாற்றமாகவே வருகிறது. ஸ்குரூஜுக்கு மூன்று ஆவிகள் வந்து புத்தி கூறின. மார்த்தாவின் முதலாளியம்மாவிடம் எந்த ஆவியும் போகவில்லை. அடுத்த நத்தாருக்கும் மார்த்தா பிந்தியே வந்திருப்பாள்.

ஆவிகளை நம்பியிராது மனிதரே முயன்ற வரலாறும் உண்டு. பரிசு வழக்கம் மாறிய விதத்தை அறிந்தாலே அது தெளிவாகும். முற்காலத்தில் ஐரோப்பிய நத்தாரிற் கொடை பெரும்பாலும் உடையவரிடமிருந்து இல்லாதவரிடம் சென்றது. ஏழைகள் செல்வர் வீட்டு வாயிலில் வந்து பாடி உணவும் குடியும் கேட்டனர், கொடாதவரைப் பழித்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் நியூயோர்க்கின் வசதி படைத்தோர் இப்பண்டிகையை வீதியிலிருந்து வீட்டினுள்ளே கொண்டுசென்றதையும், ஏழையின் இடத்தில் வீட்டுப் பிள்ளை வந்தமர்ந்ததையும் வரலாற்றாசிரியர் ஸ்ரீபன் நிசன்போம் 1996இல் வெளியிட்ட நூலில் விளக்கியுள்ளார். நூற்றாண்டின் இறுதியிற் பெருங்கடைகள் எழுந்தன. பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பொருள் என்ற எல்லை தாண்டி, வளர்ந்த மகன், மருமகள், மாமன், மேலதிகாரி என எல்லோர்க்கும் பரிசு என்ற நிலை பரவியது. அந்தப் பரிசுகளை விற்பதற்கு நள்ளிரவு வரை நின்றவர்களும் ஒரு வீட்டின் வளர்ந்த பிள்ளைகளே. நுகர்வோர் சங்கத்தை நடத்திய புளோரன்ஸ் கெலி போன்றோர், உங்கள் பொருள்களை முன்கூட்டியே வாங்குங்கள், கடைப் பெண்களையும் விநியோகச் சிறுவரையும் நள்ளிரவு வரை வாட்டாதீர்கள் என்று பொதுமக்களிடம் இயக்கம் நடத்தினர். 1912இல் நியூயோர்க்கில் ‘பயனற்ற பரிசளிப்பைத் தடுக்கும் சங்கம்’ தோன்றியது. கடைப் பெண்கள் தம் சொற்பக் கூலியிலிருந்து மேலதிகாரிகளின் நத்தார்ப் பரிசுக்குக் காசு கொடுக்க நிர்ப்பந்திக்கப்பட்டதே அதற்குக் காரணம். கொடை கீழிருந்து மேலே போகும் நிலைக்கு வந்துவிட்டது! அச்சங்கத்தைத் தொடங்கியோருள் ஒருவர் பெரும் வங்கி முதலாளி மோர்கனின் மகள் என்பது வரலாற்றின் விநோதம். எனினும் அதிற் சேர்ந்த உழைக்கும் பெண்களின் முறைப்பாடு உண்மையானது.

பிற்கால அறிஞரும் இதனை அளந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மன்சி நகரில் 1970களின் இறுதியில் ஆய்வு நடத்திய சமூகவியலாளர் தியடோர் கப்லோ, பரிசுகளைத் தெரிதலும் பொதிதலும் பெரும்பாலும் பெண்களின் வேலையாகவே இருப்பதைக் கண்டார். பிள்ளைகள் வளர்ந்து உழைக்கத் தொடங்கிய பின்னரும் பெற்றோர் கொடுப்பதே அதிகம், பெறுவது குறைவு என்பதையும் கண்டார். பொருளியலாளர் ஜோயல் வோல்ட்போகல் 1993இல், பரிசு பெறுவோர் அதற்கு மதிக்கும் பெறுமதி கொடுத்த விலையிலிருந்து பத்திலொரு பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரை குறைகிறது என்று கணக்கிட்டார். அவர் வினாவியது பல்கலைக்கழக மாணவரை. முதிய உறவினர் தந்த பரிசுகளில் இழப்பு மிகுதி என்றார். ஆகவே காசாகக் கொடுப்பதே மேல் என்பது இத்தகைய கணக்கின் முடிவு. உணர்வுசார்ந்த பெறுமதியை விலக்கிவிட்டு விலை சொல்லுமாறு கேட்டே அக்கணக்குப் போடப்பட்டது. டெல்லாவின் சங்கிலியை அவ்வாறு அளந்தால் மிஞ்சுவது பூச்சியமே. ஓ ஹென்றி அன்பைக் கண்டு கூலியை மறந்தார். பொருளியலாளர் விலையைக் கண்டு அன்பை மறந்தார். பரிசைச் செய்தவரும் விற்றவரும் இருவர் கணக்கிலும் இல்லை.

இவ்வளவையும் நான் அம்மாவிடம் கூறவில்லை. சில நாட்களின் பின் மார்த்தாவின் கதையை மட்டும் கூறினேன். உறங்கப் போகிறேன் என்று அவள் சொல்லும் இடம் வந்ததும் அம்மா தலையசைத்தார். “என்ரை பிள்ளையும் உதைத்தான் சொல்லும்” என்றார்.

தை மாதத்திற் பாடசாலை தொடங்கியபோது அவரே வந்து கூறினார். நத்தாருக்கு முதல் நாள் கடை பூட்ட இரவு வெகுநேரம் ஆயிற்றாம். மகள் இரவு பஸ் ஏறி, நத்தார்ப் பூசை முடிந்த பின்னரே வீடு வந்து சேர்ந்தாளாம். அம்மா வாங்கி வைத்திருந்த பரிசு இலவம்பஞ்சில் ஒரு புதிய தலையணை. “அங்கை தங்கிற இடத்திலை கையை மடிச்சு வைச்சுத்தான் படுக்கிறவளாம், சேர். பகல் இரண்டு மணி மட்டும் நித்திரை. ஒருத்தரையும் எழுப்ப விடேல்லை. போகேக்கை தலையணையையும் கொண்டு போட்டாள்.”

இதைவிடத் தேர்ந்த பரிசொன்றை எந்தக் கதாசிரியரும் கற்பனை செய்திருக்க முடியாதென்றே நினைக்கிறேன். மகளின் உடலுக்கு எது வேண்டுமென்று பார்த்துக் கொடுத்த பரிசு அது. தேய்ந்த செருப்பைப் பார்த்த பெத்தின் கண் அந்தத் தாய்க்கும் இருந்தது. ஆயினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. தலையணையைத் தாய் கொடுக்கலாம்; அதன்மேல் தலை வைத்து உறங்கும் நேரத்தை அவரால் கொடுக்க முடியாது. அது கடையின் வசம் இருக்கிறது. எமது நாட்டில் 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 45 மணி நேரம் என்று வேலைக்கு எல்லை வகுத்திருக்கிறது. மேலதிக நேரத்துக்கு மேலதிகக் கூலியும் கூறுகிறது. அச்சட்டம் எந்த முதலாளியின் மனமாற்றத்தாலும் வந்ததன்று. மார்த்தாவுக்கு உரிய பரிசு அதனுள் எழுத்திலே இருக்கிறது. பண்டிகைக் காலத்து இரவுகளில் அது கடை வாயிலைத் தாண்டி உள்ளே செல்கிறதா என்று பார்க்க வேண்டியவர்கள் நாமே.

இவ்வாண்டு தவணை தொடங்கியதும் பத்தாம் வகுப்பில் ஓ ஹென்றியின் கதையை மறுபடி கற்பித்தேன். முடிவை வாசித்ததும் நிறுத்தி, ஜிம்முக்கு மேலங்கி இருந்ததா என்று கேட்டேன். வகுப்பு மௌனமாயிற்று. பின்வரிசையிலிருந்த மாணவியொருத்தி புத்தகத்தைப் புரட்டி அந்த வரியைக் கண்டுபிடித்து உரக்க வாசித்தாள். “அப்படியென்றால் அவருடைய சம்பளத்தை ஏன் சேர் குறைத்தார்கள்?” என்று அடுத்த கேள்வியையும் அவளே கேட்டாள். அக்கேள்விக்கு விடை கதையில் இல்லை. பாட நேரம் முடியும் வரை நாங்கள் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.